பொருள் ஏழு, பொருள் எட்டு

செனட் அறையின் மேசை மேற்கே சாய்ந்திருக்கிறது.
எதை வைத்தாலும் உருளும்.
பதினாறு ஆண்டுகளாகக் கூட்டக் குறிப்பெழுதுகிறேன்;
என் பென்சிலுக்கு எப்போதும் ஓர் அழிப்பான் முட்டுக்கொடுக்கும்.

எங்களுக்குக் கீழே, நிலக்கரி எடுத்துப்போன வெற்றிடம்.
சிலேசியாவின் இந்த ஊரில் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.
கதவு இறுகினால் இழைப்புளி,
சுவர் வாய்பிளந்தால் சிமென்ட்.
சுரங்க அளவையியல் துறை மட்டும்
ஆண்டுக்கு இருமுறை முக்காலியோடு வந்து,
படிக்கட்டில் பதித்த பித்தளைக் குமிழின்மேல் அளவுகோலை நிறுத்தி
ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போகும்.
போன வசந்தத்தில்: பதினோரு மில்லிமீட்டர்.

பொருள் ஏழு.
அந்தத் துறையைச் சுற்றுச்சூழல் மற்றும் நிலமாற்ற நிறுவனத்தோடு இணைத்தல்.
ரெக்டர் ஓல்கியெர்ட் ஷிமிக் படம் காட்டினார்.
ஏழு கட்டங்கள் நான்காயின. அம்புகள் எல்லாம் பச்சை.
யாருக்கும் வேலை போகாது என்றார். அது உண்மை.
பெயர்ப்பலகைதான் மாறுகிறது என்றார்.
அதற்கும் தலைகள் ஆடின.

துறைத்தலைவி ட்ரூடா குஷேயா எழுந்து கேட்டார்:
"இந்தக் கட்டடத்தை இனி யார் அளப்பது?"
"ஒத்த பணிகளுக்குப் புதிய அமைப்பில் இடமுண்டு."
நான் எழுதினேன்:
கேள்வி எழுப்பப்பட்டது. விளக்கம் தரப்பட்டது.
செயப்பாட்டு வினை நல்ல வேலைக்காரன்,
ஒருவரையும் காட்டிக்கொடுக்காது.

ஆதரவு முப்பத்தொன்று. எதிர்ப்பு ஆறு. நடுநிலை இரண்டு.
கைகள் உயர்ந்த நேரத்தில் யாருடைய பேனாவோ
மேசையின் நீளம் முழுக்க உருண்டுபோய் விழுந்தது.
குனிந்து எடுக்க ஆளில்லை.

பொருள் எட்டு. விடுப்பு விதிகள்.
காபிக்குப் பிறகு நாற்காலிகள் பல காலி.
கோரம் இருந்தது, இரண்டு தடவை எண்ணினேன்.
டிசம்பர் நான்கு, புனித பர்பாரா நாள்,
"சுரங்கத் துறைப் பணியாளருக்கு விடுமுறை" என்ற வரியை நீக்குவது.
அப்படியொரு துறை இனி இல்லை அல்லவா.
நாற்பது வினாடியில் முடிந்தது.
"அன்றைக்கு இறகுத் தொப்பியோடு பாடம் எடுக்கலாமா?" என்றார் அலோய்ஸி.
சிரித்தார்கள்.
சிரிப்பு குறிப்பேட்டில் ஏறுவதில்லை.

டிசம்பர் நான்கு, காலை ஏழு மணி.
செனட் கூடாத நாட்களில் நான் பணியாளர் பிரிவு.
முன்னறிவிப்பில்லா விடுப்பு ஆளுக்கு ஆண்டுக்கு நான்கு நாள்;
ஏன் என்று கேட்க முடியாது.
கணினியைத் திறந்தேன். குஷேயா. அலோய்ஸி.
அவர்கள் துறையின் பதினான்கு பேரும்.
அது நான் எதிர்பார்த்ததுதான்.
பிறகு நூலகத்தில் ஒருவர்.
வேதியியல் ஆய்வகத்தில் இருவர்.
மின்தூக்கி பார்ப்பவர்.
காய்ச்சலோடும் வேலைக்கு வரும் கணக்குப் பிரிவு ஹெல்கா.
எட்டு மணிக்குள் அறுபத்துமூன்று.
பேசிவைத்த மாதிரித் தெரியவில்லை.
இந்த ஊரில் எல்லார் வீட்டிலும்
கீழே போய்வந்த ஒருவர் உண்டு,
சில வீடுகளில், போனவர் மட்டும்.

ரெக்டர் அழைத்தார். "வேலைநிறுத்தமா?"
"விடுப்பு."
"என்ன காரணம்?"
"படிவத்தில் அந்தக் கட்டமே இல்லை, ஐயா.
நீங்கள் கையெழுத்திட்ட விதிதான், பக்கம் ஒன்பது."
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
தெருமுனையில் பித்தளை வாத்தியங்கள் திரும்பிக்கொண்டிருந்தன.
அவர் பக்கத்து ஜன்னலிலும் கேட்டிருக்கும்.

எனக்கு இன்னும் இரண்டு நாள் மிச்சமிருந்தது. எடுக்கவில்லை.
அறுபத்துமூன்றையும் ஏற்றுக்கொள்ள ஒருத்தி வேண்டுமே.

மதியம் செனட் அறைக்குப் போனேன்.
அழிப்பானை எடுத்துவிட்டுப் பென்சிலை வைத்தேன்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி விட்டேன். ஆறு வினாடி.
இதற்கு எந்த மதிப்பும் கிடையாது, குஷேயா சிரிப்பார்.
ஆனாலும் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதினேன்,
தேதியோடு: நான் அளந்தேன். ஆறு.

பென்சிலைத் தேடிக் குனிந்தபோது
சுவரோரம் அந்தப் பேனா கிடந்தது.
மூடியில்லை. உதறிப் பார்த்தேன்.
எழுதவில்லை.